ஒயின் சைவமா? நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: ஒயின் திராட்சைச் சாறுதானே, சைவம்தான்.

உண்மை: புளித்து முடிந்த சாறு கலங்கலாக இருக்கும், சிவப்பு ஒயினில் துவர்ப்பும் தூக்கலாக இருக்கும். பிரான்ஸின் போர்தோ வட்டாரத்தில் இதற்கு முட்டைதான் பழைய கைவைத்தியம். 225 லிட்டர் பீப்பாய்க்கு ஐந்தாறு முட்டையின் வெள்ளைக்கருவை மட்டும் எடுத்து, சிட்டிகை உப்புப் போட்டு லேசாக அடித்து ஊற்றுவார்கள். அதன் புரதம் துவர்ப்பைப் பற்றிக்கொண்டு மண்டியாக அடியில் இறங்கும். பிறகு மேலே தெளிந்ததை வேறு பீப்பாய்க்கு மாற்றுவார்கள். இதே வேலைக்குப் பால் புரதமான கேசீன், ஜெலட்டின், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் ஆகியவையும் உண்டு. கேசீன் சேர்த்தது பால் சாப்பிடும் சைவருக்கு ஆகும், வீகன்களுக்கு ஆகாது.

நம்பிக்கை: அப்படியானால் ஒயினோடு முட்டையையும் சேர்த்தே குடிக்கிறோம்.

உண்மை: பெரும்பகுதி மண்டியோடு போய்விடும். ஆனால் துளி எஞ்சலாம். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல், ஒயினில் முட்டை, பால் புரதங்களின் எச்சம் தென்பட்டால் லேபிளில் குறிப்பிட்டாக வேண்டும். ஐசிங்கிளாஸுக்கு அந்தக் கட்டாயமில்லை.

நம்பிக்கை: பார்லியில் செய்யும் பீருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

உண்மை: பீப்பாயிலேயே முதிரும் பிரிட்டிஷ் ஏல் பீரில் ஈஸ்ட்டை விரைவில் படியவைக்க ஐசிங்கிளாஸ் நெடுங்காலப் பழக்கம். ரஷ்யாவிலிருந்து வந்த ஸ்டர்ஜன் மீனின் பை விலை அதிகம் என்பதால், நீராவி இயந்திரப் பொறியாளர் வில்லியம் முர்டாக் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் காட் மீனில் மாற்று கண்டார். ஐசிங்கிளாஸைக் கைவிடப்போவதாக கின்னஸ் நிறுவனம் 2015இல் அறிவித்தது.

நம்பிக்கை: மது தொடாதவருக்கு இந்தக் கவலை வேண்டாம்.

உண்மை: ஆப்பிள் சாற்றையும் ஜெலட்டின் கொண்டு தெளியவைப்பதுண்டு. கள்ளிச்செடியில் வாழும் காச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயத்தை ஸ்டார்பக்ஸ் தன் ஸ்ட்ராபெரி பானத்தில் கலந்துவந்தது. எதிர்ப்புக்குப் பின் 2012இல் தக்காளியிலுள்ள லைகோபீனுக்கு மாறியது. லேபிளில் இந்தப் பூச்சிச் சாயம் இ120 என்ற எண்ணில் இருக்கும்.

நம்பிக்கை: மது பாட்டிலில் பச்சைப் புள்ளி இல்லையென்றால் அசைவம்.

உண்மை: இந்திய விதிகளில் சைவ, அசைவக் குறியிலிருந்து மதுபானங்களுக்கு விலக்கு உண்டு. புள்ளி இல்லாததை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. பென்டோனைட் களிமண், பட்டாணிப் புரதம் கொண்டு தெளியவைத்த ஒயின்களும் ஏராளம். வீகன் முத்திரையைத் தேடுங்கள். இல்லையென்றால் எதைப் போட்டுத் தெளியவைத்தார்கள் என்று தயாரிப்பாளரிடமே கேளுங்கள்.