சாட்டி வளவுகளில் மாரிக் கோவா

கோவா குளிரை விரும்பும் பயிர். வேலணைத் தீவின் சாட்டியில் மார்கழி, தை மாதங்களே அதற்கு உகந்தவை. ஆயினும் இங்கே விளைச்சலைத் தீர்மானிப்பது குளிர் மட்டுமன்று, கிணற்று நீருமாகும்.

கிணற்றின் இயல்பு

வடகீழ்ப் பருவமழை மணலில் ஊறி, நிலத்தின் கீழுள்ள உவர்நீரின்மேல் நன்னீராக மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறக்குறைய 40 அடி நிற்கும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே மேல்மட்டம் சிறிது தாழினும் கீழேயுள்ள உவர்நீர் பன்மடங்கு எழக்கூடும். கோவா உவரை ஓரளவே தாங்கும். இளநாற்று அதுவும் தாங்காது. எனவே கோடையில் கிணறு உவர்க்குமுன் அறுவடை முடியுமாறு விதைத்தல் வேண்டும்.

நாற்றுமேடை

ஐப்பசி முற்பகுதியில் 3 அடி அகலமும் 6 அங்குல உயரமும் கொண்ட மேடை அமைக்குக. அதன்மேல் வைக்கோலும் உமியும் பரப்பி எரித்தால் மண்ணிலுள்ள நோய்க்கிருமிகள் குறையும். கே. வை. குறோஸ் போன்ற, வெப்பம் தாங்கும் இன விதையை வரிசையாக ஐதாக இடுக. பெருமழை தாக்காதவாறு கிடுகுப் பந்தல் அவசியம்.

நடுகை

மணல் நிலத்துக்கு மக்கிய மாட்டெருவும் ஆட்டெருவும் தாராளமாக இடல் வேண்டும். சாதாளை இடுவோர் அதனை முதலில் மழையில் நனையவிட்டு உப்பைக் கழுவுக. 3 அல்லது 4 வாரங்களில் 4, 5 இலை விட்ட நாற்றுகளை மாலை வேளையில் நடுக. வரிசைகளுக்கிடையே 20 அங்குலமும் செடிகளுக்கிடையே 16 அங்குலமும் விடுக. 12 அடிக்கு 10 அடி நிலத்தில் வரிசைக்கு 9 ஆக 6 வரிசைகளில் 54 செடிகள் கொள்ளும்; ஒரு குடும்பத்துக்கு இது போதும். மழைநீர் தேங்காதிருக்க வாய்க்கால் வெட்டுக.

நீரும் பசளையும்

மழை ஓய்ந்தபின் சிறிது சிறிதாக நீர் விடுக. இயந்திரத்தை நெடுநேரம் ஓடவிடாது இடைவெளி விட்டு இறைத்தால் ஊற்று மீளும். செடியடியில் வைக்கோல் பரப்பினால் ஈரம் காக்கப்படும். இரசாயனப் பசளையை ஒரேமுறையில் இடாது பிரித்து இடுக. மிகையானது மணலூடே குடிநீர்க் கிணற்றையே சென்றடையும்.

பீடைகள்

வைரமுதுகு அந்தின் புழுக்கள் இலையின் அடிப்புறத்தை அரிக்கும். கிழமைக்கு இருமுறை இலைகளைப் புரட்டிப் பார்த்து முட்டைகளையும் புழுக்களையும் நசுக்குக. வேப்பம்விதைச் சாறு தெளித்தலும் பயன் தரும். பீடை மிகுந்தால் விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையைப் பெறுக.

அறுவடை

நட்ட 75 முதல் 90 நாள்களில், கையால் அழுத்தக் கெட்டியாயிருக்கும் கோவாவை வெட்டுக; தாமதித்தால் வெடிக்கும். பின்னர் அடிக்கட்டைகளைப் பிடுங்கி அகற்றுக. அடுத்த மாரியில் அவ்விடத்தில் கோவா, நோக்கோல், முள்ளங்கி ஆகியவற்றைத் தவிர்த்து வேறு பயிர் செய்க. கோடையில் நிலத்தை ஓயவிடுதலே நன்று; அப்பொழுது கிணற்றிலுள்ள நீர் முதலில் குடிப்பதற்குரியது.