நித்யாவுக்கு, நாய் எடுக்கும் முன்

மதுரை

அன்புள்ள நித்யா,

பெரியப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய, காப்பகத்து ஷிட்சு நாயின் படங்களை உன் பெரியம்மா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முடி சடை பிடித்துப்போய் மொட்டையடித்துவிட்டிருக்கிறார்கள். ஆனாலும் அந்தக் கண் இருக்கிறதே, யாரையும் இளக்கிவிடும். உன் அம்மா போனில் வேறு மாதிரி. "சின்ன வயசிலிருந்து வீசிங் உள்ள பிள்ளை, நாய் வளர்க்கப் போறாளாம். நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க" என்கிறாள். உனக்கு நான் தலையாட்ட வேண்டும், அவளுக்கு நான் தடுக்க வேண்டும். வேலைக்காலம் முழுக்க மாட்டாஸ்பத்திரியில் கழித்தவன் என்பதால் இரண்டு பேருக்கும் என்மேல் நம்பிக்கை. இரண்டையும் செய்யாமல் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரி பெரியப்பா" என்று வைத்துவிடுவாய்.

"ஷிட்சு முடி கொட்டாத ஜாதி, அதனால் அலர்ஜி வராது" என்று எழுதியிருந்தாய். முன்பாதி ஏறக்குறைய சரி. பின்பாதி தப்பு. உன்னைத் தும்ம வைப்பது முடி இல்லையம்மா. நாயின் எச்சில், தோலிலிருந்து உதிரும் பொடுகு, மூத்திரம் இவற்றில் இருக்கும் சில புரதங்கள்தான். அவற்றில் முக்கியமானதற்கு கேன் எஃப் 1 என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாய் தன்னை நக்கிக்கொள்ளும்போது எச்சில் முடியில் காய்கிறது, பொடுகோடு சேர்ந்து தூளாகிறது. அந்தத் தூள் அவ்வளவு நுணுக்கமானது என்பதால் காற்றில் நெடுநேரம் மிதக்கும்; சட்டையில் ஒட்டிக்கொண்டு, நாயே இல்லாத வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்ச் சேரும். எச்சில் ஊறாத, தோல் உதிராத நாய் உலகத்தில் கிடையாது. முடி கொட்டவில்லை என்றால் சோபாவில் முடி இருக்காது, அவ்வளவுதான்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் டெட்ராய்ட் பக்கம் ஒரு நாய் மட்டும் வளர்க்கும் 173 வீடுகளில் தரைத் தூசியை எடுத்துச் சோதித்து, 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். அலர்ஜி தராதவை என்று விற்கப்படும் ஜாதி நாய்கள் இருந்த வீட்டுக்கும் மற்ற வீட்டுக்கும் கேன் எஃப் 1 அளவில் வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த வருஷம் நெதர்லாந்துக்காரர்கள் நாயின் முடியையே சோதித்தார்கள். அங்கே இன்னும் வேடிக்கை: அலர்ஜி தராதவை என்று பெயர் வாங்கிய பூடில், லாப்ரடூடில் போன்றவற்றின் முடியில் அந்தப் புரதம் மற்ற நாய்களைவிடக் கூடுதலாகவே இருந்தது. வீட்டுக் காற்றில் வித்தியாசம் இல்லை.

லாப்ரடூடில் பிறந்த கதை உனக்குத் தெரியுமோ என்னவோ. 1980-களின் கடைசியில் ஹவாய்த் தீவிலிருந்து பார்வையில்லாத ஒரு பெண், ஆஸ்திரேலியாவில் வழிகாட்டி நாய்களைப் பழக்கும் சங்கத்துக்கு எழுதினார். கணவருக்கு நாய் முடி ஆகாது, அவருக்கும் ஒத்துவருகிற வழிகாட்டி நாய் வேண்டும் என்று. அங்கே வளர்ப்புப் பொறுப்பிலிருந்த வாலி கான்ரன் முதலில் பூடில்களைப் பழக்கிப் பார்த்தார், ஒன்றும் தேறவில்லை. பிறகு பூடிலையும் லாப்ரடாரையும் சேர்த்தார். பிறந்தவை மூன்று குட்டிகள். மூன்றின் முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பி அந்தக் கணவரிடம் சோதித்தபோது, ஒன்றுதான் அவருக்கு ஒத்துவந்தது. ஒரே ஈற்றில் பிறந்த மூன்றில் ஒன்று! ஜாதியை வைத்து உத்தரவாதம் தருகிற யாரிடமும் இந்தக் கதையை நான் சொல்வேன். அந்தக் கலப்பு பின்னால் உலகமெங்கும் வியாபாரமானதைப் பார்த்துவிட்டு, ஏன் இதை ஆரம்பித்தோம் என்று கான்ரனே வெளிப்படையாக வருத்தப்பட்டார்.

ஒபாமா வீட்டிலும் இதே பேச்சுதான். மூத்த பெண் மாலியாவுக்கு அலர்ஜி. 2008 தேர்தலில் ஜெயித்த கையோடு, காப்பக நாய் எடுக்கத்தான் ஆசை, ஆனால் அலர்ஜி தராத ஜாதியாகவும் இருக்க வேண்டுமே என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். கடைசியில் 2009-ல் வெள்ளை மாளிகைக்கு வந்தது, செனட்டர் எட்வர்ட் கென்னடி பரிசாகக் கொடுத்த போர்ச்சுகீசிய வாட்டர் டாக். அந்த வீட்டில் எத்தனை அறை, சுத்தம் செய்ய எத்தனை ஆள் என்பதையும் யோசித்துக்கொள். வேளச்சேரியில் இரண்டு பெட்ரூம் பிளாட்டுக்கு அது உதாரணம் ஆகாது.

ஆகவே நீ கேட்க வேண்டிய கேள்வி "எந்த ஜாதி?" என்பதல்ல, "இந்த நாய் எனக்கு ஒத்துக்கொள்கிறதா?" என்பது. அதற்கும் முன்னால், உனக்கு உண்மையில் எது ஆகவில்லை என்று தெரிய வேண்டும். காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல் என்று சொல்வாயே, அது நாயே இல்லாத வீட்டில். சென்னையின் புழுக்கத்துக்கு மெத்தையிலும் தலையணையிலும் தூசிப் பூச்சி செழிக்கும். கரப்பான் பூச்சியும் பெரிய காரணம். ஒரு அலர்ஜி மருத்துவரிடம் போய்த் தோலில் குத்திப் பார்க்கும் சோதனை செய்துகொள். முன்கையில் சொட்டுச் சொட்டாக வைத்து லேசாகக் குத்துவார்கள், கால் மணி, இருபது நிமிஷத்தில் தடிப்பு தெரிந்துவிடும். நீ போடுகிற செட்டிரிசினைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அவர்களிடம் கேட்டு நிறுத்து. இன்ஹேலரை மட்டும் நீயாக நிறுத்தாதே. தூசிப் பூச்சிதான் காரணம் என்று வந்தால், நாய் வந்தாலும் வராவிட்டாலும் முதலில் மாற்ற வேண்டியது உன் மெத்தை.

நாய்தான் என்று வந்தால் இன்னொன்றும் கேள். கேன் எஃப் 5 என்று ஒரு புரதம் இருக்கிறது. ஆண் நாயின் புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வருவது. நாய் அலர்ஜி உள்ளவர்களில் சிலருக்கு அது ஒன்று மட்டுமே ஆகாது. அப்படிப்பட்டவர்களுக்குப் பெண் நாயோ, கருத்தடை செய்த ஆண் நாயோ தொந்தரவு தராமல் இருக்க வாய்ப்புண்டு. எந்தப் புரதம் என்று பிரித்துச் சொல்லும் ரத்தப் பரிசோதனை இருக்கிறது, மருத்துவரிடம் விசாரி. நீ பார்த்து வைத்திருப்பது கருத்தடை செய்த பெண் நாய். உன் ஜாதகம் அப்படி அமைந்தால், ஷிட்சு என்பதைவிடப் பெண் என்பதுதான் உனக்கு உதவும்.

வீசிங் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தும்மலும் கண் அரிப்பும் வேறு, நெஞ்சு இறுகுவது வேறு. இப்போது ராத்திரி இருமலால் எழுந்திருக்கிறாயா, அடிக்கடி நீல இன்ஹேலரைத் தேடுகிறாயா? ஆம் என்றால் இந்த வருஷம் நாய் வேண்டாம். ஆஸ்துமா அடங்கின பிறகு பேசுவோம். "கூடவே இருந்தால் பழகிவிடும்" என்று சிநேகிதர்கள் சொல்வார்கள். சிலருக்குப் பழகும், சிலருக்கு மாசாமாசம் கூடும். உனக்கு எது என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் ஆகாது. அதை நம்பி ஒரு உயிரை வீட்டுக்குள் கொண்டுவர முடியாது.

மூச்சு நன்றாக இருக்கிறது, மருத்துவரும் சரி என்கிறார் என்றால், நாயைப் போய்ப் பார். காப்பகத்துக்குள் வைத்துப் பார்க்காதே. அங்கே ஐம்பது நாய், பூனை, பினாயில், வைக்கோல் தூசி எல்லாம் கலந்து கிடக்கும்; நீ எதற்குத் தும்முகிறாய் என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. வெளியே, மர நிழலில் அதை மட்டும் தனியாக விடச் சொல். இன்னொன்று, தத்து கொடுக்கும் நாளில் நாயைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு வைத்திருப்பார்கள். அவர்கள் ஆசையாகச் செய்வது, ஆனால் உனக்கு அது பொய்க்கணக்கு. குளித்து நாலைந்து நாள் ஆன நாயாக வேண்டும் என்று கேள். மடியில் வை, கழுத்தைத் தடவு, முன்கையை நக்க விடு. தடிக்கிறதா, மூக்கு அடைக்கிறதா, அன்று ராத்திரி எப்படித் தூங்கினாய் என்று கவனி. இன்ஹேலர் கைப்பையில் இருக்கட்டும், மாப்பிள்ளை கூட இருக்கட்டும். வேறு வேறு நாளில் இதைத் திரும்பச் செய்.

அதிலும் தேறினால், கையெழுத்துப் போடாமல், வளர்ப்பு வீடாக ஒரு மாதம் வைத்துக்கொள்கிறேன் என்று கேள். ஃபாஸ்டர் என்று சென்னையில் எல்லாருக்கும் தெரிந்த ஏற்பாடுதானே. உன் அலர்ஜியை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடு. வீட்டுத் தூசியில் அந்தப் புரதம் சேரச் சில வாரம் ஆகும், அதனால் முதல் வாரத்துச் சுகத்தை நம்பக் கூடாது.

அந்த நாயின் தோலையும் பார்க்க வேண்டும். படத்தில் முதுகில் செதில் செதிலாகத் தெரிகிறது. சொறியோ பூஞ்சையோ இருந்தால் பொடுகு இரண்டு பங்காகக் கொட்டும். முதலில் சிகிச்சை முடியட்டும், பிறகு உன் மூக்கைச் சோதி. உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தம் எடுத்தார்களா, வெறிநாய்த் தடுப்பூசி எப்போது போட்டார்கள் என்று எழுதி வாங்கு.

வீட்டு விஷயத்தில் உனக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. வெள்ளைக்காரன் புத்தகங்களில் பாதிப் பக்கம் கம்பளத்தைப் பற்றித்தான் இருக்கும். நம் வீட்டில் டைல்ஸ். ஆனால் நம் துடைப்பம் இருக்கிறதே, அது தூசியை எடுப்பதைவிடக் கிளப்புவதுதான் அதிகம். பெருக்குவதை நிறுத்தி, ஈரத் துணியால் துடைக்கச் சொல். படுக்கையறைக்கு நாய் வரவே கூடாது, ஒரு நாளும், இடி இடிக்கிற ராத்திரியும் கூடாது. கதவை மூடி ஏசி போட்டால் உள்ளே இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கிறோம். அதில் நாயும் சேர்ந்தால் எட்டு மணி நேரம் அதைத்தான் சுவாசிப்பாய். ஹாலுக்கு ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கு. துணி சோபாவைவிடப் பிரம்பு நாற்காலி நல்லது. நாய் படுக்க மெத்தை வாங்காதே, பழைய வேட்டியை மடித்துப் போடு. வாரம் இரண்டு தடவை வெந்நீரில் துவைக்கலாம்.

குளிப்பாட்டினால் முடியில் உள்ள புரதம் குறையும். ஆனால் சில நாளிலேயே பழைய அளவுக்கு ஏறிவிடும், அதனால் வாரம் இரண்டு முறையாவது வேண்டும். நாய்க்கான ஷாம்புதான், நம் சோப்பு கூடாது. காதுக்குள் தண்ணீர் போகாமல், மழைக்காலத்தில் ஈரம் நிற்காமல் துவட்ட வேண்டும். முடி கொட்டாத நாய்க்கு அந்த முடி வளர்ந்துகொண்டே இருக்கும். தினமும் சீவ வேண்டும், ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை வெட்ட வேண்டும். விட்டால் சடை பிடித்துத் தோல் புண்ணாகும். இப்போது மொட்டையாக நிற்கிறதே, அதைக் கைவிட்டவர்கள் இதைத்தான் செய்யாமல் விட்டிருப்பார்கள். சீவுகிற வேலை மாப்பிள்ளையுடையது, மொட்டை மாடியில், நீ கீழே இருக்கும்போது. அவரிடம் இதைக் கேட்டாயா? கேட்காமல் அவர் தலையில் கட்டாதே. சப்பை மூக்கு நாய்க்குச் சென்னை மே மாதம் மூச்சு வாங்கும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். வீட்டில் வீசிங் உள்ளவர்கள் இரண்டு பேர் ஆகிவிடுவீர்கள்.

ஜாதியில் உத்தரவாதம் இல்லை என்றால் அதில் ஒரு நல்லதும் இருக்கிறது, நித்யா. ஷிட்சுவையே கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. காப்பகங்களில் குட்டை முடி நாட்டு நாய்கள் எத்தனையோ இருக்கின்றன. முடி கொட்டும்தான், ஆனால் நம் வெயிலைத் தாங்கும், சலூன் செலவு கிடையாது. அவற்றில் ஒன்று உன் மூக்குக்கு ஒத்துவரலாம். அதையும் இதே மாதிரி மடியில் வைத்துப் பார்.

இவ்வளவு தூரம் இழுப்பதற்குக் காரணம் நீ மட்டும் இல்லை. அலர்ஜி என்று சொல்லி நாயைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கெட்டவர்கள் இல்லை, பலர் அழுதுகொண்டே போவார்கள். நாய் வாசலைப் பார்த்தபடி சாப்பிடாமல் கிடக்கும். ஏற்கெனவே ஒரு வீடு கைவிட்ட நாய்க்கு இரண்டாம் தடவை அதைச் செய்வதைவிட, எடுக்காமல் இருப்பது மேல்.

அதனால் இந்த மாதம் தோல் சோதனை, நுரையீரல் மருத்துவர் இரண்டும் முடி. ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பு, உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அதற்குள் அந்த நாயை வேறு யாராவது எடுத்துக்கொண்டால் சந்தோஷப்படு. எடுக்கவில்லை என்றால், நானும் பெரியம்மாவும் சென்னைக்கு வருகிறோம், மூன்று பேருமாகப் போய்ப் பார்ப்போம். அதுவரை எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
பெரியப்பா