எண்ணெய்க் குழாயைக் கழற்றுமுன்

தோட்டச் சாலையைச் செப்பனிடும் மண்வாரி இயந்திரத்தின் நெம்புகோல்கள் யாவும் ஒருசேரச் செயலிழந்தால், பம்பைக் கழற்ற விரைதல் தகாது. பெரும்பாலான மண்வாரிகளில் நெம்புகோல்களுக்கு எண்ணெயைத் திறந்துவிடும் வால்வை இயக்குவது ஒரு மின்காந்தச் சுருளே.

வாளி உயரத்தில் நின்றுவிட்டால் எவரும் அதனடியில் செல்லலாகாது; மெக்கானிக்கை அழைப்போம். தரையில் இருப்பின், எஞ்சினை நிறுத்திப் பியூஸை நோக்குவோம். எரிந்த பியூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றலாகாது, தீப்பற்றக்கூடும்.

பியூஸ் நன்றாயிருப்பின், எஞ்சினை ஓட்டாது சாவியை மட்டும் திருப்பி, பாதுகாப்பு நெம்புகோலை வேலை நிலையில் வைத்து, சுருளின் இணைப்பில் மீட்டரை வைப்போம். 24 வோல்ட் இயந்திரத்தில் ஏறத்தாழ அவ்வளவு காட்டாவிடில், குறை விசையிலோ ரிலேயிலோ கம்பியிலோ உள்ளது. காட்டினால், சாவியை அணைத்து, இணைப்பைக் கழற்றிச் சுருளின் தடையை அளப்போம். எல்லையற்ற தடை தெரிந்தால் சுருள் அறுந்துள்ளது.

சுருளும் நன்றாயிருந்தால் மட்டுமே எண்ணெய்ப் பகுதியை ஆராய வேண்டும். அழுத்தத்துடன் பீறிடும் எண்ணெய் தோலையும் துளைக்கும். ஆதலின் இவ்வரிசையை மாற்றாதிருப்போம்.