வீட்டுத்தோட்டத்திற்கு எந்தச் சோளம், எந்த வெள்ளரி?
இனம் தெரிதல் பற்றிய ஒரு பாடம்

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பம் ஒன்றுக்குச் சிறு துண்டு நிலம் கிடைத்தால், மண்வெட்டியை அடுத்து அது தேடுவது விதையைத்தான். 1990இலும் 1995இலும் 2009இலும் ஊரைவிட்டு வெளியேறிய பலர், அடுப்புப் பரணில் புகைபடக் கட்டியிருந்த விதைப் பொத்திகளை எடுத்துக்கொண்டு செல்லக்கூடிய நிலையில் இருக்கவில்லை. அன்றிலிருந்து விதை என்பது கடையில் வாங்கும் பொருளாகவோ, யாராவது தரும் பொதியாகவோ மாறிவிட்டது.

இனத்தைத் தெரிவுசெய்யும்போது நாம் வழக்கமாகக் கேட்பது, "எது கூட விளையும்?" என்பதே. அது நியாயமான கேள்வி. ஆனால் அதோடு இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும்: "இந்தப் பயிரிலிருந்து அடுத்த போகத்துக்கு நானே விதை எடுக்கலாமா?" சொந்தக் காணிக்குத் திரும்பியவர்களுக்கும், இன்னும் உறவினர் வளவிலோ குத்தகை நிலத்திலோ இருப்பவர்களுக்கும் இந்தக் கேள்வி மிக அவசியமானது. இப்பாடத்தில் சோளத்தையும் வெள்ளரியையும் எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

1. விதையில் இரு வகை

கடையில் விற்கும் விதைகளை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று கலப்பின விதை. வெவ்வேறான இரண்டு பெற்றோர்ப் பயிர்களைக் கட்டுப்பாட்டுடன் சேர்த்து, ஒவ்வொரு முறையும் புதிதாக உண்டாக்குவது இது. முதற் போகத்தில் எல்லாக் கன்றுகளும் ஒரே சீராக வளர்ந்து நன்றாக விளையும். அதிலிருந்து எடுத்த விதையை நட்டால் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று காய்க்கும், ஒன்று மலடாகும். விளைச்சலும் குறைந்துவிடும்.

மற்றது இயல்பாக மகரந்தச் சேர்க்கை நடக்கவிட்டுப் பெருக்கிய விதை. இதிலிருந்து விதை எடுத்து நட்டால், தாய்ப் பயிரைப் போன்ற பயிரே வரும். விளைச்சல் கலப்பினத்திலும் சற்றுக் குறையலாம். ஆனால் ஒருமுறை வாங்கினால் போதும்.

கலப்பினம் கூடாது என்று நாம் சொல்லவில்லை. சந்தைக்குப் பயிரிடுபவருக்கு அது உதவும். அதை வாங்குபவர் ஒவ்வொரு போகமும் விதைக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். பொதியின் மேல் எந்த வகை என்று எழுதியிருக்கும். விளங்காவிட்டால் விற்பவரிடம் கேளுங்கள். பொதி பிரித்துக் கையில் கொடுக்கப்பட்ட விதையானால், எந்த இனம் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

2. சோளம்: மாச்சோளமும் இனிப்புச் சோளமும்

நம் முன்னோர் சேனைகளில் நட்டதும், தெருவோரத்தில் அவித்தும் சுட்டும் விற்கப்படுவதும் பெரும்பாலும் மாச்சோளமே. இளம் பருவத்தில் பொத்தியாகச் சாப்பிடலாம். முற்றவிட்டால் மணியாகக் காயவைத்து மா இடிக்கலாம், கோழிக்கும் போடலாம். விவசாயத் திணைக்களம் சிபாரிசு செய்த 'பத்ரா', 'ருவன்' போன்ற இனங்கள் இயல்பாகப் பெருக்கக்கூடியவை, விதை எடுக்கலாம்.

இனிப்புச் சோளம் வேறு. அதன் மணியில் சீனி மாவாக மாறுவது தடைப்பட்டிருக்கிறது. அதனால்தான் இனிக்கிறது. ஆனால் அதே காரணத்தால் மூன்று சிரமங்கள் உண்டு.

முதலாவது, அது சேமிப்பு உணவாகாது. காய்ந்தால் மணி சுருங்கிவிடும். பொத்தியில் மயிர் வெளிவந்து ஏறக்குறைய 20 நாட்களில் முறிக்க வேண்டும். சாதாரண இனிப்புச் சோளமானால் முறித்த அன்றே சாப்பிட வேண்டும். எமது வெப்பத்தில் ஒரே நாளில் இனிப்பிற் பெரும்பகுதி போய்விடும். 'மிகை இனிப்பு' என்று விற்கப்படும் இனங்கள் இனிப்பைச் சில நாட்கள் வைத்திருக்கும்.

இரண்டாவது, விதையில் மா குறைவாகையால் முளை பலவீனமானது. நீர் தேங்கும் மண்ணில் அழுகிவிடும். (விதை சுருங்கியிருப்பது அதன் இயல்பு. பழுது என்று எண்ணி எறிந்துவிடாதீர்கள்.)

மூன்றாவது, கடைகளிற் கிடைக்கும் இனிப்புச் சோள விதை பெரும்பாலும் கலப்பினமே.

ஆகவே உணவுக்காகப் பயிரிடும் குடும்பத்துக்கு மாச்சோளமே முதற் தெரிவு. அண்மையில் நகரச் சந்தை இருந்து, நீர் வசதியும் உள்ளவர்கள் இனிப்புச் சோளத்தைச் சிறு அளவில் முயலலாம்.

எந்த இனமானாலும் மடல் இறுக்கமாக நுனிவரை மூடியிருப்பதைத் தெரியுங்கள். நுனி திறந்த பொத்திக்குள் மழைநீரும் புழுவும் வண்டும் இலகுவாகப் புகுந்துவிடும். 2018இல் இலங்கைக்கு வந்த படைப்புழு இன்று சோளத்தின் பெரும் எதிரி. அதனை முற்றாக எதிர்க்கும் இனத்தைத் தேடிக்கொண்டிருப்பதைவிட, கன்று முளைத்த நாளிலிருந்து குருத்தை விரித்துப் பார்த்து முட்டைகளையும் புழுக்களையும் நசுக்குவதே வீட்டுத்தோட்டத்துக்குப் பொருத்தமானது.

3. அயல் வளவின் சோளம்

சோளத்தின் உச்சியிலுள்ள குஞ்சம் ஆண் பூ. பொத்தியின் நுனியில் தொங்கும் மயிர் பெண் பூவின் பகுதி. ஒவ்வொரு மயிரும் ஒரு மணிக்குச் செல்கிறது. மகரந்தத்தைக் கொண்டு செல்வது காற்று. இதிலிருந்து இரண்டு பாடங்களைப் படிக்கலாம்.

ஒன்று: வேலியோரமாக ஒரே வரிசையில் சோளம் நட்டால் மகரந்தம் காற்றோடு வெளியே போய்விடும், பொத்தி பொக்கையாகும். சதுரமாக நடுங்கள். 8 அடிக்கு 8 அடி பாத்தியில், 2 அடி இடைவெளியில் 4 வரிசைகள், வரிசைக்குள் 1 அடிக்கு ஒரு கன்று என்றால் 32 கன்றுகள் நிற்கும். மயிர் விடும் காலத்தில் நீர் குறைந்தால் மணி பிடிக்காது. கிணற்றில் நீர் குறைவென்றால் பாத்தியைச் சிறிதாக்குங்கள், நீரைக் குறைக்காதீர்கள்.

மற்றது: மணியின் உள்ளிருக்கும் மாப்பகுதி தாயிடமிருந்து மட்டுமல்ல, தந்தையிடமிருந்தும் குணத்தைப் பெறுகிறது. இனிப்புச் சோளத்தின் மயிரில் அயலவரின் மாச்சோள மகரந்தம் விழுந்தால், அந்தப் போகத்திலேயே, அந்தப் பொத்தியிலேயே மாமணிகள் தோன்றும். சாதாரண இனிப்புச் சோளமும் மிகை இனிப்புச் சோளமும் அருகருகே நின்றாலும் இரண்டும் இனிப்பை இழக்கும். "ஏமாற்று விதை தந்துவிட்டான்" என்று கடைக்காரரைக் குறைகூறுமுன் அயல் வளவை ஒருமுறை பாருங்கள்.

இதற்கு மாற்று, அயலவரோடு பேசுவதுதான். ஒருவர் விதைத்து மூன்று வாரங்கள் கழித்து மற்றவர் விதைத்தால், பெரும்பாலும் இரண்டும் ஒரே வேளையில் பூக்காது. அல்லது எல்லோரும் ஒரே இனத்தை நடலாம். வீடுகள் நெருங்கியுள்ள குடியிருப்புத் திட்டங்களில் இவ்வாறு பேசாமல் இனிப்புச் சோளம் நடுவது வீண்செலவு.

4. வெள்ளரி: ஒரு பெயர், இரண்டு பயிர்கள்

பச்சையாக நறுக்கிச் சாப்பிடும் வெள்ளரிக்காய் ஒரு பயிர். பழுத்ததும் வெடித்து மணக்கும் வெள்ளரிப்பழமும் கெக்கரியும் வேறொரு பயிரைச் சேர்ந்தவை. விதை கேட்கும்போது காய்க்கா, பழத்துக்கா என்று தெளிவாகச் சொல்லுங்கள். இவ்விரண்டும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. பூசணியோ பாகலோ அருகில் நின்றாலும் வெள்ளரி கலந்துவிடாது. ஆகவே "பாகலுக்குப் பக்கத்தில் நட்டதால் வெள்ளரி கைத்துவிட்டது" என்பது தவறான எண்ணம். கைப்பு பரம்பரையாக வரலாம். நீர்த் தட்டுப்பாட்டாலும் கடும் வெப்பத்தாலும் அதிகரிக்கும். வேர் மேலோட்டமாகச் செல்வதால் வெள்ளரிக்கு நாள்தோறும் நீர் வேண்டும். அடியில் வைக்கோலோ சருகோ பரப்பிவிடுங்கள்.

சோளத்துக்கும் வெள்ளரிக்கும் உள்ள முக்கிய வேறுபாடு இது. நாம் உண்ணும் வெள்ளரிக்காயின் சதை தாய்க்கொடியின் உடல். எந்த மகரந்தம் வந்தாலும் இவ்வாண்டுக் காயின் சுவை மாறாது. கலப்பு உள்ளிருக்கும் விதையில் ஒளிந்திருந்து, அடுத்த போகத்திலேயே வெளிப்படும்.

திணைக்களம் சிபாரிசு செய்தவற்றுள் 'கற்பிட்டி வெள்ளை', 'எல்.வை. 58' ஆகியவை வீட்டுத்தோட்டத்துக்கு ஏற்றவை. பாதுகாக்கப்பட்ட கூடாரங்களுக்கென்று விற்கப்படும் விலையுயர்ந்த வெள்ளரி விதையை வாங்காதீர்கள். அவற்றுட் பல, மகரந்தம் இன்றியே விதையில்லாக் காய் காய்ப்பவை. விதை எடுக்க முடியாது.

முதலில் பூப்பவை ஆண் பூக்களே. அவை உதிர்வதைக் கண்டு பயப்பட வேண்டாம். பின்னால் சிறு பிஞ்சு உள்ளது பெண் பூ. தேனீ வராவிட்டால் காலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டுவிடுங்கள். பழ ஈயிலிருந்து பிஞ்சைக் காக்கக் கடதாசியால் சுற்றிக் கட்டலாம்.

5. நடுவதற்கு முன் முளைச் சோதனை

பத்து விதைகளை ஈரச் சாக்குத் துண்டில் சுற்றி நிழலில் வையுங்கள். ஈரம் காயாமல் பாருங்கள். ஒரு வாரத்தில் எட்டோ அதற்கு மேலோ முளைத்தால் நல்ல விதை. ஐந்துதான் முளைத்தால் இரட்டிப்பாக நட வேண்டும். அதற்கும் குறைந்தால் அந்த விதைக்காக நிலத்தையும் நீரையும் செலவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. சிவப்பாகவோ பச்சையாகவோ நிறம் பூசிய விதை நஞ்சு மருந்து கலந்தது. எவ்வளவு பசியானாலும் அதனை உணவாகக் கொள்ளக்கூடாது. கழுவினாலும் நஞ்சு போகாது. கோழிக்கும் போடாதீர்கள். சிறுவர்களின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

6. விதை எடுத்தல்

வெள்ளரி விதையை ஒரு குடும்பம் தனியாகவே எடுக்கலாம். ஐந்தாறு நல்ல கொடிகளைத் தெரிந்து, ஒவ்வொன்றிலும் ஒரு காயைச் சுவைத்துப் பாருங்கள். கைக்கும் கொடியை விலக்குங்கள். அயலவர் வேறு இனம் வைத்திருந்தால், மறுநாள் மலரவுள்ள ஆண், பெண் மொட்டுகளை மாலையில் நூலாற் கட்டி, காலையில் திறந்து தொட்டுவிட்டு, பெண் பூவை மீண்டும் கட்டுங்கள். அந்தக் காயை மஞ்சளாகி முற்றும்வரை கொடியில் விடுங்கள். பின்னர் விதையைச் சாற்றோடு வழித்து ஒரு பாத்திரத்தில் இரண்டு நாள் புளிக்க வைத்துக் கழுவினால், நல்ல விதை அடியில் தங்கும். நிழலில் உலர்த்துங்கள்.

சோள விதையைத் தனியாக எடுப்பது கடினம். சில பொத்திகளிலிருந்து மட்டும் ஆண்டுதோறும் விதை எடுத்தால் பயிர் நலிந்துவிடும். பல கன்றுகளின் விதை கலந்திருக்க வேண்டும். ஆகவே பத்துக் குடும்பங்கள் சேருங்கள். எல்லோரும் ஒரே இனத்தை நட்டு, ஒவ்வொருவரும் பாத்தியின் நடுவில் நிற்கும் நல்ல கன்றுகளிலிருந்து ஐந்து பொத்திகள் கொண்டு வந்தால் ஐம்பது பொத்திகளாகும். உதிர்த்து, கலந்து, பங்கிடுங்கள். பல்லில் கடித்தால் உடையும் அளவுக்குக் காய்ந்ததும், சாம்பலும் காய்ந்த வேப்பிலையும் சேர்த்துப் போத்தலில் இறுக மூடி, இனத்தின் பெயரையும் திகதியையும் எழுதி வையுங்கள். இரண்டு வீடுகளிலாவது பிரித்து வையுங்கள். ஒரு வீட்டுக்கு இடர் வந்தாலும் மற்ற வீட்டில் விதை இருக்கும்.

7. சுருக்கமாக

- அடுத்த போகம் எங்கே என்று தெரியாதவர்கள்: விதை எடுக்கக்கூடிய மாச்சோளமும் வெள்ளரியும். ஒரு போத்தல் விதையைக் கையிலே கொண்டு போகலாம்.
- சொந்தக் காணிக்குத் திரும்பியவர்கள்: அதே இனங்களை அயலவரோடு சேர்ந்து நட்டு, பொது விதைச் சேமிப்பைத் தொடங்குங்கள்.
- சந்தையும் நீரும் உள்ளவர்கள்: ஒரு பாத்தியில் மட்டும் கலப்பின இனிப்புச் சோளம். அதன் வருமானத்தில் அடுத்த விதைக்கான பணத்தை முதலில் ஒதுக்குங்கள்.
- கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால்: இரண்டு பயிர்களுமே உவரை அதிகம் தாங்கா. மழைக்காலத்தை ஒட்டி நடுங்கள்.

உங்கள் பகுதியில் எந்த விதை கிடைக்கிறது என்பதைக் கமநல சேவை நிலையத்திலோ விவசாயப் போதனாசிரியரிடமோ கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

குழுவாகக் கலந்துரையாட:

1. எமது குடியிருப்பில் யாரிடம் எந்தப் பழைய விதை இன்னும் இருக்கிறது? ஊரில் முன்பு என்ன சோளம், என்ன வெள்ளரி நட்டோம்? முதியவர்களிடம் கேட்டுப் பட்டியல் தயாரியுங்கள்.
2. வரும் காலபோகத்தில் யார் எந்த வாரம் சோளம் விதைப்பது?
3. சோள விதையைச் சேர்த்து எடுக்க முன்வரும் பத்துக் குடும்பங்கள் எவை? விதைப் போத்தல்களை எந்த இரண்டு வீடுகளில் வைப்பது?