டச் போன் வீட்டில், பட்டன் போன் மடியில்

மருதமுனைப் பக்கமிருந்து மஃரிப் பாங்கு கேட்கும் நேரத்தில் பெரியநீலாவணையில் வீடு வீடாகச் செல்வது எமது நீண்ட நாள் வழக்கம். முன்பெல்லாம் அந்நேரத்தில் முற்றத்தில் ஆட்கள் இருப்பார்கள். வேளாண்மைக் கதை, கடன் கதை, விட்டுவந்த காணியின் கதை என்று ஏதாவது ஒன்று நடந்துகொண்டிருக்கும். இப்போது வாசலில் நின்று இரண்டு மூன்று தடவை கூப்பிட வேண்டியிருக்கின்றது. வீட்டில் ஆட்கள் இல்லாமல் இல்லை. தகப்பன் கதிரையில், மகன் பாயில், தாய் குசினி வாசலில். மூவர் முகத்திலும் போன் வெளிச்சம்.

போன் கெட்டது, அதைத் தூக்கி எறியுங்கள் என்று சொல்லி இந்தப் பாடத்தை இரண்டு வரியில் முடித்துவிடலாம். ஆனால் இடம்பெயர்ந்த குடும்பங்களிடம் அப்படிச் சொல்ல எமக்கு வாய் வராது. 1990இல் ஒரு தடவையும், 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது இன்னொரு தடவையும் சிதறியவர்கள் நாம். வீடு ஓர் ஊரில், வயல் இன்னோர் ஊரில், அண்ணன் மட்டக்களப்பில், மகள் குவைத்தில் என்று கிடக்கும் குடும்பத்தைக் கட்டிவைத்திருக்கும் கயிறு இந்தப் போன்தான். வாய்க்காலில் தண்ணீர் திறந்தாயிற்று என்று வட்டை விதானை சொல்வதும் இதில்தான். வெளிநாட்டில் வேலை செய்யும் தாய் தன் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதும் இதில்தான்.

டச் போன் பல வீடுகளுக்கு எப்படி வந்தது என்பதையும் மறக்கக்கூடாது. 2020 மார்ச்சில் கொவிட் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டன. ஆசிரியர்கள் பாடங்களை வட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினார்கள். பிள்ளையின் படிப்புக் கெட்டுவிடக்கூடாது என்று காப்பை அடகு வைத்தும் தவணைக்கு எடுத்தும் போன் வாங்கிக் கொடுத்த பெற்றோரை எமக்குத் தெரியும். பாடசாலை திரும்பத் திறந்தது. போன் வீட்டிலேயே தங்கிவிட்டது.

தங்கியது ஏன் என்று சற்றுப் பார்ப்போம். இது வெறும் மனப் பலவீனம் அல்ல. பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் உண்டு. அந்தக் காலத்து வானொலியில் இரவு நிகழ்ச்சி முடிந்தால் பெட்டியை நிறுத்திவிட்டுப் படுப்போம். ஆனால் இந்தப் போனில் விரலால் தள்ளத் தள்ளப் பக்கம் வந்துகொண்டே இருக்கின்றது. இந்த முறையை 2006இல் வடிவமைத்தவர் ஆசா ரஸ்கின் என்ற அமெரிக்கர். அதற்காகப் பின்னாளில் அவரே பகிரங்கமாக வருந்தினார். நிறுத்துவதற்கு ஓர் இடம் இல்லாதபடி வேண்டுமென்றே செய்யப்பட்ட பொருள் நம் கையில் இருக்கின்றது.

இன்னொரு தந்திரத்தை நமது கடற்கரையில் கரைவலை இழுப்பவரைக் கேட்டால் விளங்கப்படுத்துவார். ஒவ்வொரு தடவையும் வலை வெறுமையாக வந்தால் மனிதன் வேறு வேலைக்குப் போய்விடுவான். ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு மீன் வந்தால் தேவையானதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான். எப்போது படும், எப்போது படாது என்று தெரியாதபோதுதான் “இன்னும் ஒரு வலை” என்று நிற்பான். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்து இதையே பரிசோதித்துக் காட்டினார். தானியம் எப்போது விழும் என்று தெரியாத புறாதான் விடாமல் கொத்திக்கொண்டிருந்தது. போனை எடுத்து எடுத்துப் பார்க்கும் நமது கையும் அந்தப் புறாவின் அலகுதான். ஒரு வித்தியாசம் உண்டு: கரைவலை இழுத்தவருக்குச் சில நாட்களிலாவது கறிக்கு மீன் கிடைக்கும்.

இதனால் நமக்கு வரும் நட்டம் எது? டேட்டாவுக்குப் போகும் காசை எல்லோரும் சொல்வார்கள். அதைவிடப் பெரிய நட்டங்களும் உண்டு. யானைக்காவலுக்கு வயலில் பரண் கட்டிப் படுக்கும் இளைஞர்களை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்த கண் முழுமையாகப் பழக இருபது முப்பது நிமிடம் செல்லும். போன் திரையை ஒரு தடவை பார்த்தால் பழகிய கண் மீண்டும் கெட்டுவிடுகின்றது. பார்த்துவிட்டு நிமிர்பவருக்கு வரம்பில் நிற்பது பற்றையா யானையா என்று தெரியாது. காதில் பாட்டும் போட்டுக்கொண்டால், காவலுக்கு ஆள் இருந்தும் இல்லாதது போலத்தான்.

நமது மாவட்டத்திலேயே நடந்த மற்றொன்று உண்டு. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவுக் கடையில் சாப்பாட்டுக்குள் மலட்டு மருந்து கலக்கப்படுகின்றது என்று ஒரு புரளி கிளம்பியது. கூட்டம் சூழ்ந்து நெருக்கியபோது கடையில் நின்றவர் தடுமாறிச் சொன்னது வீடியோவாகிப் போனுக்குப் போன் பறந்தது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் பரிசோதித்தபோது, சாப்பாட்டில் இருந்தது வெறும் மாவுக்கட்டி என்று தெரியவந்தது. அடுத்த வாரம் கண்டி மாவட்டம் திகனையில் வேறொரு சம்பவத்தைத் தொட்டு வன்செயல் மூண்டது. அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் சில நாட்கள் முடக்கியது. அந்த ஆண்டு நடந்தவற்றில் தனது தளத்துக்கு இருந்த பங்குக்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதம் வருத்தம் தெரிவித்தது. எரிந்த கடைக்கு அந்த வருத்தத்தால் என்ன பயன்? தமிழரும் முஸ்லிம்களும் வேலிக்கு வேலி வாழும் இக்கரையில், கையில் வந்ததை யோசியாமல் தள்ளிவிடும் ஒரு விரல் எவ்வளவு சேதம் செய்யலாம் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. பட்டன் போனில் பொய் சொல்ல முடியாது என்று இல்லை. ஆனால் அது ஒருவர் வாயிலிருந்து ஒருவர் காதுக்கு நடந்துதான் போக வேண்டும்.

இனி, மாறினால் பயன் உண்டா என்ற கேள்வி. 2025 பெப்ரவரியில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 467 பேர் அதில் கலந்துகொண்டனர். இரண்டு வாரத்துக்கு அவர்களுடைய போன்களில் இணையத்தை மட்டும் மறித்தார்கள். அழைப்பும் குறுஞ்செய்தியும் வழமைபோல் வேலை செய்தன. அதாவது டச் போனைப் பட்டன் போனாக்கிவிட்டார்கள். ஒரு நாளைக்குச் சராசரி 314 நிமிடமாக இருந்த பாவனை 161 நிமிடமாகக் குறைந்தது. ஒரு வேலையில் கவனம் நிற்பதும், மனநிலையும் முன்னேறின. மிச்சமான நேரத்தில் மனிதரை நேரில் சந்தித்தார்கள், நடந்தார்கள், வெளியில் இருந்தார்கள். ஆனால் பத்து நாட்களுக்குக் குறையாமல் அந்தக் கட்டுப்பாட்டில் நின்றவர்கள் ஏறக்குறைய காற்பங்கினர் மட்டுமே. தனியொருவராகச் செய்வது கடினம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஊராகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் மகாராஷ்டிரா மாநிலம், சாங்லி மாவட்டத்தில் வட்காவ் என்றொரு கிராமம். ஏறத்தாழ 3,000 பேர். பெரும்பாலும் விவசாயிகளும் சீனி ஆலைத் தொழிலாளரும். அங்கும் கொவிட் காலத்தில் படிப்புக்கென்று பிள்ளைகள் கைக்குப் போன போன் திரும்பி வரவில்லை. 2022 ஓகஸ்ட் மாதம் பெண்கள் கூடிய ஊர்க் கூட்டத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள். அன்றிலிருந்து கோயிலில் இரவு 7 மணிக்குச் சைரன் ஊதும். எல்லா வீட்டிலும் போனும் தொலைக்காட்சியும் நிற்க வேண்டும். 8.30க்கு மறுபடி ஊதும். இடையில் உள்ள ஒன்றரை மணித்தியாலம் படிப்புக்கும் கதைக்கும். சைரனை ஊதிவிட்டு அவர்கள் சும்மா இருக்கவில்லை. ஆசிரியர்களும் சுகாதாரப் பணியாளர்களும் வீடு வீடாகப் போய் விளங்கப்படுத்தினார்கள். நமக்குச் சைரன் வாங்கத் தேவையில்லை. பாங்கும் கோயில் மணியும் கேட்கும் ஊரில் இருக்கின்றோம்.

எமது யோசனை இதுதான். வயலுக்கும் கடைக்கும் சந்தைக்கும் போகும் ஆள் பட்டன் போனைக் கொண்டு போகட்டும். டச் போன் வீட்டுக்குப் பொதுவான பொருளாக, ஒரு காலத்தில் வானொலிப் பெட்டி இருந்ததுபோல ஓரிடத்தில் இருக்கட்டும். குவைத்தில் இருக்கும் மகள் வழமையாகக் கதைக்கும் நேரத்தில் எல்லோரும் அதன் முன் கூடலாம். பிள்ளைக்கு ஆசிரியர் அனுப்பியதைப் பார்க்கலாம். படுக்கப் போகும்போது அது பாயோடு வரக்கூடாது.

மாறும்போது சறுக்கும் இடங்கள் சில உண்டு. பெயர்களும் இலக்கங்களும் பெரும்பாலும் சிம்மில் இல்லை; டச் போனின் கணக்கில்தான் இருக்கின்றன. சிம்மைக் கழற்றும் முன் அவற்றை ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். சிம் சிறிதாக வெட்டப்பட்டதாக இருந்தால் பட்டன் போனுக்குள் நிற்காது. அதற்கு ஒரு சட்டம் உண்டு, போன் கடையில் கேட்டு வாங்கலாம். வட்ஸ்அப் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். போகாது. பழைய சிம் பட்டன் போனில் இருக்க, டச் போனில் வேறொரு டேட்டா சிம் போட்டாலும் அதே பழைய இலக்கத்தில் வட்ஸ்அப் வேலை செய்யும். மறுபடி உறுதிப்படுத்தச் சொன்னால் அந்த இரகசிய எண் பட்டன் போனுக்குக் குறுஞ்செய்தியாக வரும். வங்கியின் இரகசிய எண்ணும் அப்படியே. அதை யார் கேட்டாலும் சொல்ல வேண்டாம்.

வாங்கும்போது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் உள்ளதா என்று கேளுங்கள். 4ஜி பட்டன் போன்களும் இப்போது உண்டு. அவை கூடிய காலம் பயன்படும். கடையிலேயே ஒரு தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்பிப் பாருங்கள். எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாக வந்தால் அந்தப் போன் வேண்டாம். டோர்ச்சும் வானொலியும் உள்ளதாக இருந்தால் நல்லது. 2003இல் வந்த நோக்கியா 1100 பலருக்கு நினைவிருக்கும். தலையில் ஒரு டோர்ச். தூசிக்கும் வியர்வைக்கும் அஞ்சாது. உலகம் முழுவதும் ஏறத்தாழ 25 கோடி விற்றது. கிராமத்து மனிதனுக்கு என்ன வேண்டும் என்று யாரோ ஒருவர் யோசித்துச் செய்த பொருள் அது. 1978 சூறாவளியைக் கண்ட பெரியவர்களுக்கு மின்சாரமில்லாத நாட்கள் எப்படி என்று தெரியும். அப்படியான நேரத்தில் ஒரு தடவை சார்ஜ் செய்தால் பல நாட்கள் நிற்கும் போன்தான் உதவும்.

அவசரத்துக்கு வேண்டியவை யாவும் பட்டன் போனிலேயே உண்டு. அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, பொலிஸ் 119, விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனைச் சேவை 1920. இலவச அம்புலன்ஸ் 1990. அந்த ஆண்டு நமக்கு வேறொன்றை நினைவூட்டும். அதனாலேயே இலக்கம் மறக்காது.

ஒரு கண்டிப்பான வார்த்தை. இந்தப் பாடத்தைக் காட்டி மனைவியின் போனையோ மகளின் போனையோ எவரும் பறிக்க வேண்டாம். பல பெண்களுக்குத் தாய் வீட்டோடு கதைக்க இருக்கும் ஒரே வழி அதுதான். முதலில் மாற வேண்டியவர் அந்த வீட்டில் கூடிய நேரம் பார்ப்பவர். நாம் கண்டவரையில், பெரும்பாலும் அது தகப்பன்.

எழுதுகின்ற நாமும் சென்ற பெரும்போகத்தில் ஒரு மாதம் பட்டன் போனோடு நடந்து பார்த்தோம். முதல் வாரம் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். ஒன்றும் இல்லாத திரையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்போம். இரண்டாம் வாரம் ஒரு தவறு நடந்தது. எமக்கு நெருங்கிய ஒரு குடும்பத்தில் நடந்த மரண அறிவித்தலைக் குழுவில் போட்டிருந்தார்கள், நாம் காணவில்லை. எட்டாம் நாள் போய் நின்றபோது, “சுவாமி, வட்ஸ்அப்பில போட்டிருந்தமே” என்று அந்தத் தாய் சொன்னது இன்னும் காதில் இருக்கின்றது. மாறுவதற்கு முன் நாலு பேருக்குச் சொல்லியிருக்க வேண்டும். “இனி அவசரமென்றால் எடுத்துக் கதையுங்கள்” என்று உறவினருக்கும், ஆசிரியருக்கும், வட்டை விதானைக்கும் முற்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூன்றாம் வாரத்தில் இரவில் ஒரு புத்தகம் வாசித்து முடித்தோம். எத்தனை ஆண்டுக்குப் பிறகு என்று எழுத வெட்கமாக இருக்கின்றது.

விவசாயக் குழுக்கள் அடுத்த தடவை கூடும்போது இதைக் கதைத்துப் பாருங்கள். நமது வீட்டில் போன் எந்த வேலைக்காக வந்தது, இன்று அந்த வேலைக்கு ஒரு நாளில் எத்தனை நிமிடம் போகின்றது? ஒரே லேனில் உள்ள ஐந்து வீடுகள் சேர்ந்து மாலையில் ஒரு மணித்தியாலத்தைத் தொடங்க முடியுமா? யானைக்காவலுக்குப் போகும் பிள்ளைகளுக்குக் குழுச் செலவில் இரண்டு பட்டன் போன் வாங்கி வைக்கலாமா? கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு வெற்றுத் தாளும் கொண்டுவாருங்கள். போன் வாய்க்காலுக்குள் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, முக்கியமான பத்துப் பேரின் இலக்கங்களை மனப்பாடமாக அதில் எழுதிப் பாருங்கள். எமக்கு முதல் தடவை நான்குதான் வந்தது.