வலி நின்றுவிட்டது, ரூட் கேனலை விட்டுவிடலாமா?

கேள்வி: டாக்டர், எனக்குக் கடைவாய்ப் பல்லில் ரூட் கேனல் பாதி முடிந்திருக்கிறது. ஊசியால் மருந்து விட்டுக் கழுவினார்கள். ப்ளீச்சிங் பவுடர் வாடை அடித்தது. இப்போது வலி இல்லை. மறுபடி போனால் ஒருநாள் கூலி போய்விடும். திரிபலாவும் பச்சைத் தேயிலையும் பல் வேரில் இருக்கும் கிருமியைக் கொல்லும் என்று ஆராய்ச்சியில் தெரிந்திருக்கிறதாமே! அதைக் கொப்பளித்தால் போதாதா?
- ஒரு வாசகி, வண்டிப்பெரியார், இடுக்கி.

பதில்: நீங்கள் கேள்விப்பட்ட ஆராய்ச்சி உண்மைதான், அம்மா. 2010-இல் சென்னை ஆய்வாளர்கள், பிடுங்கிய பற்களில் என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற கிருமியைப் படலமாக வளரவிட்டு மருந்துகளைச் சோதித்தார்கள். திரிபலாவும் தேயிலைச் சத்தும் நன்றாகவே வேலை செய்தன. ஆனாலும் முதலிடம் 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டுக்குத்தான். உங்களுக்கு அடித்த வாடையும் பெரும்பாலும் அதனுடையதுதான்.

இந்தக் கிருமி இரையில்லாமலும் நெடுநாள் தாங்கும். பல்லின் நுண்துளைகளுக்குள் புகுந்துகொள்ளும். ஆய்வகத் தட்டில் எளிதில் சாகும் கிருமி, படலம் கட்டிவிட்டால் லேசில் சாகாது. அதனால்தான் பல்லிலேயே வளர்த்துச் சோதிக்கிறார்கள். ஹைப்போகுளோரைட்டுக்கு இன்னொரு பலமும் உண்டு: அழுகிய சதையையும் கரைக்கும். குளோர்ஹெக்சிடின் என்ற இன்னொரு மருந்து கிருமியைக் கொல்லும், சதையைக் கரைக்காது.

கொப்பளிக்கும் நீர் வேர்வரை போகாது. உங்கள் பல்லைத் தற்காலிகமாக அடைத்திருப்பார்கள். அதைத் தாண்டி நீர் உள்ளே போகிறதென்றால் எச்சிலும் கிருமியும் கூடவே போகும்.

வலி நின்றதால் கிருமி ஒழிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மிஞ்சிய கிருமி பல் குணமாவதைக் கெடுக்கலாம். 1997-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்றில், வேரை அடைக்கும்போது கிருமி தென்படாத பற்களில் 94 சதவீதம் குணமாயின. கிருமி இருந்தவற்றில் 68 சதவீதம்தான்.

கூலி போகும் கஷ்டம் எனக்குப் புரிகிறது. மீதி வேலையை ஒரே தடவையில் முடிக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். குமுளியோ கம்பமோ, வசதியான இடத்தில் முடிக்கலாம். எடுத்த எக்ஸ்ரேயை மறக்காமல் கொண்டுபோங்கள். அதுவரை அந்தப் பக்கம் கடிக்க வேண்டாம். அடைப்பு விழுந்தாலோ, முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே போய்விடுங்கள். வாடை ஒன்றுதானே என்று வீட்டு ப்ளீச்சைப் பல்லில் வைக்கவே கூடாது. வேரை அடைத்த பிறகு கேப் போடச் சொன்னால் அதையும் தள்ளிப்போடாதீர்கள். கடைவாய்ப் பல் பிளந்தால் இத்தனை செலவும் வீண்.