19-ஆவது குறை

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. பழுதுபார்க்கும் வேலையில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது, அதற்குள் வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத ஒரு டிராவல் டிரெய்லரை, காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் வீட்டு வண்டியை, உன் தலையில் கட்டிவிட்டார்கள். உரிமையாளர்கள் ஓய்வுபெற்ற தம்பதி. கையால் எழுதிய பட்டியலில் 23 குறைகள். இழுப்பறை பாதியில் நிற்கிறது, குளியலறைக் கதவு தானாகத் திறந்துகொள்கிறது, ஹீட்டர் போட்டால் மரத்தூள் பறக்கிறது, சாக்கடை வாடை வருகிறது. 19-ஆவது: "இரவில் தண்ணீர் பம்ப் ஒரு விநாடி உறுமிவிட்டு நிற்கிறது, தூக்கம் கெடுகிறது." அதன் பக்கத்தில் நீ ஒரு சிரிப்பு முகம் வரைந்திருக்கிறாய். கடைசியில், இப்படிச் செய்து விற்கிறவர்களுக்கு வெட்கமே கிடையாதா என்று கேட்கிறாய்.

வெட்கத்தைப் பற்றித் தெரியாது, காரணத்தைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஓடும் இந்த மாதிரி ஆர்வி வண்டிகளில் பெரும்பாலானவை இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில் உருவாகின்றன. அங்கே பல ஆலைகளில் மணிக்கணக்குக் கூலி கிடையாது. நம் ஊரில் பீடி சுற்றுகிறவர்களுக்கு இருப்பதுபோல எண்ணிக்கைக் கூலி. விடியுமுன் தொடங்குவார்கள், அன்றைய வண்டிகள் முடிந்தால் வீட்டுக்குப் போவார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் ஆளாளுக்கு டிரெய்லர் கேட்டதில், 2021-ஆம் ஆண்டில் மட்டும் 6 லட்சம் வண்டிகள் வெளியே வந்தன. அதற்கு முன் எந்த ஆண்டும் அவ்வளவு வந்ததில்லை. அந்த வேகத்தில் ஒருவன் திருகை முடுக்கும்போது அது மரத்தைப் பிடித்ததா, காற்றைப் பிடித்ததா என்று நின்று பார்ப்பானா? அப்படிச் செய்த வண்டியை நெடுஞ்சாலையில் இழுத்துப் போகிறார்கள். வைக்கோல் போடாமல் மண்பானை ஏற்றிய மாதிரிதான்.

இதை உனக்குச் சொல்கிறேன், அந்தத் தம்பதியிடம் சொல்லாதே. அவர்கள் முன்னால் ஆலையைத் திட்டவும் செய்யாதே. வாழ்நாள் சேமிப்பில் ஒரு பங்கை அந்த வண்டியில் போட்டிருக்கிறார்கள். "என்ன கண்றாவி வேலை இது" என்று நீ சொன்னால், அவர்கள் காதில் "நீங்கள் ஏமாந்தவர்கள்" என்றுதான் விழும். அப்புறம் எதையும் உன்னிடம் சொல்ல மாட்டார்கள். அவர்கள் சொல்லாவிட்டால் உன் பிழைப்பு நடக்காது.

எனக்கு இது புரிந்தது இரண்டாவது வருடத்தில். மிச்சிகன் ஏரிக்கரை முகாம் ஒன்றில் ஒரு அம்மாள், குழாயில் சுடுதண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது என்றார். எனக்கு விஷயம் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. தெர்மோஸ்டாட்டை மாற்றினேன். மறுநாள் போய் ஹீட்டிங் எலிமெண்ட்டை மாற்றினேன். குளிர்காலத்துக்காக ஹீட்டரைத் தாண்டித் தண்ணீரைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வு பின்னால் இருக்குமே, அதையும் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. தண்ணீர் அப்படியே வெதுவெதுப்பு. மூன்றாம் நாள் வேறு வழியில்லாமல் உட்கார்ந்து கேட்டேன்: "அம்மா, இது எந்த நாளிலிருந்து?" யோசித்துவிட்டு, "நாய் சேற்றில் விழுந்த மறுநாளிலிருந்து" என்றார். நாயை வெளிப்புற ஷவரில் குளிப்பாட்டியிருக்கிறார்கள். முடித்ததும் ஷவர் தலையில் இருக்கும் பொத்தானை அழுத்தித் தண்ணீரை நிறுத்திவிட்டு, சுடுதண்ணீர், பச்சைத்தண்ணீர்க் குழாய்கள் இரண்டையும் திறந்தபடியே விட்டுவிட்டார்கள். பச்சைத்தண்ணீர் அந்த வழியாகப் புகுந்து சுடுதண்ணீர்க் குழாயில் கலந்து, வண்டி முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு குழாயையும் மூடினேன், ஐந்து விநாடி. கூலி வாங்க முகம் இல்லை. நாயை மட்டும் தடவிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆகவே திருப்புளியை எடுக்குமுன் உட்கார்ந்து கேள். எப்போது, எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கும்போது, மழைக்கு முன்னா பின்னா என்று கேள். குளியலறைக் கதவின் கீலைக் கழற்றுமுன் தரையில் ரசமட்டத்தை வைத்துப் பார். வண்டி மட்டமாக நிற்காவிட்டால் எந்தக் கதவும் தானாகத்தான் திறக்கும். மரத்தூளுக்குத் தரையில் இருக்கும் காற்றுவழி மூடியைத் தூக்கிக் கையை விட்டால் போதும். ஸ்டேப்பிள் ஊசி, மரச்சீவல், ஒரு முறை பாதி பென்சில் என்று என்னென்னவோ எடுத்திருக்கிறேன். வாடைக்குக் கூரை மேல் ஏறு. கழிவுத் தொட்டியின் காற்றுக்குழாயைக் குட்டையாக வெட்டியிருந்தால், அது சரிந்து கூரைக்குள்ளேயே நின்றுவிடும். வாடை வெளியே போகாமல் அறைக்குத் திரும்பும்.

இழுப்பறை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் திருகுகளின் தலையில் சதுரக் குழி இருக்கும். 1908-இல் கனடாக்காரர் ராபர்ட்சன் கண்டுபிடித்தது, பிட் நழுவாது, வேகமான கைக்கு ஏற்றது. எண் 2 பிட் நாலைந்து எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும். திருகு ஓட்டையில் சும்மா சுற்றினால், இன்னும் நீளமான திருகைப் போடத்தான் கை அரிக்கும். போட்டுவிடாதே. அந்தப் பலகைக்குப் பின்னால் ஒயர் போகலாம், தண்ணீர்க் குழாய் போகலாம். பெக்ஸ் என்னும் அந்தப் பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயைத் துளைத்த திருகு அந்தத் துளைக்குத் தானே அடைப்பாக நிற்கும். உடனே ஒன்றும் தெரியாது. பல மாதம் கழித்துத் துருப்பிடித்துக் கசியத் தொடங்கும்போது அடித்தட்டு ஊறியிருக்கும். பல்குத்தியையோ தீக்குச்சியையோ பசை தடவிச் செருகி, காயவிட்டு, அதே திருகை மறுபடி முடுக்கு.

இப்போது உன் பையில் இருக்கும் சிலிக்கோன் டியூபுக்கு வருகிறேன். அதைக் கீழே வை. நம் தொழிலில் பெரிய குறைகள் ஆலையிலிருந்து வந்ததைவிட அந்த டியூபிலிருந்து வந்தவை அதிகம் என்பது என் கணக்கு. ரப்பர் கூரையில் சிலிக்கோன் சரியாக ஒட்டாது. ஒட்டியது போல இருக்கும் இடத்தில், பிறகு வேறு எதுவும் ஒட்டாது. கூரைக்கென்று தானாகப் பரவி மட்டமாகும் பூச்சு தனியாக இருக்கிறது, சட்டங்களுக்கு அடியில் பியூட்டைல் பட்டை இருக்கிறது. அதைவிட முக்கியம், ஈரம் தெரியும் இடத்தில் பூசாதே. முன்பக்கக் கூரை மூலையில் நுழைகிற தண்ணீர் சட்டத்தோடு ஓடிப் பின்பக்க அலமாரிக்குள் சொட்டும். சொட்டிய இடத்தில் பூசினால் வேறு வழி தேடிப் போகும், அவ்வளவுதான். சுவரை அடிக்கு அடி கட்டைவிரலால் அழுத்திப் பார். பஞ்சு போல உள்ளே போனால் அங்கே ஓதம் ஏறிவிட்டது. வெளிப்புற ஃபைபர் தகடு புடைத்திருந்தால் பசை விட்டுப்போயிற்று, அது பெரிய செலவு, அதை மறைக்காமல் அன்றே சொல்லிவிடு. நுழைவழி தெரியவில்லை என்றால் ஜன்னல், துவாரங்களை அடைத்து, ஊதுவிசிறியால் உள்ளே லேசாக அழுத்தம் ஏற்றி, வெளியே ஓரமெல்லாம் சோப்புத்தண்ணீர் தெளி. ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும்.

பட்டியலில் இல்லாத இரண்டையும் பார்த்துவிடு. கேஸ் இணைப்புகளுக்கும் அதே சோப்புத்தண்ணீர். சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்கு. சக்கரம் கழற்றிப் பூட்டினால் முதல் 50 மைலுக்குப் பிறகு மறுபடி முடுக்கச் சொல்லி எழுதிக்கொடு. ஆள்கள் கண்ணில் படுவதையும் காதில் விழுவதையும்தான் பட்டியலில் எழுதுவார்கள்.

சுவர்த்தாளின் கோணல், பொருந்தாத ஓரப்பட்டி போன்றவற்றைத் தொட்டால் இன்னும் கோரமாகும். "இதை விட்டுவிடலாம்" என்று வாய் திறந்து சொல். எல்லாவற்றுக்கும் புகைப்படமும் தேதியும் வேண்டும், உத்தரவாதம் பெரும்பாலும் ஒரு வருடம்தான்.

அந்த 19-ஆவதுக்குச் சிரித்தாயே. பம்ப் எப்போது ஓடும்? குழாயில் அழுத்தம் குறைந்தால் ஓடும். எந்தக் குழாயும் திறக்காத நடு இரவில் அது ஒரு விநாடி ஓடுகிறது என்றால் அந்த அழுத்தம் எங்கே போயிற்று? அந்தப் பட்டியலில் எனக்குப் பயம் தருவது அது ஒன்றுதான். நீ அதைச் சிரித்துத் தள்ளியிருக்கிறாய்.

நாளை சாயங்காலம் போ. முகாம் தண்ணீர் இணைப்பைக் கழற்றிவிட்டு வண்டியின் தொட்டியில் நீர் நிரப்பி, பம்ப்பைப் போட்டு வை. பாத்திரத் தொட்டிக்குக் கீழே, ஹீட்டருக்குப் பின்னால், ஷவர் சுவருக்குள், பம்ப்பின் இரு பக்கமும் என்று கை போகும் ஒவ்வொரு இணைப்புக்கும் அடியில் ஒரு உலர்ந்த காகிதத் துண்டை வைத்துவிட்டு வா. டாய்லெட்டில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொள். காலையில் காகிதம் எல்லாம் காய்ந்திருந்து, டாய்லெட் மட்டமும் ஏறாமல் இருந்தால், பெரும்பாலும் பம்ப்பின் ஒருவழி வால்வுதான் தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பி விடுகிறது. அது சின்ன வேலை. ஏதாவது ஒரு காகிதம் நனைந்திருந்தால் எந்த இடத்துக் காகிதம் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்